எதைவிட? எதிலே? – ஆங்கிலப் பெயரடையின் மூன்று படிகள்

ராஸ் லஃபானில் வேலை பார்த்தவர்களுக்கு 'உலகிலேயே பெரிய' என்ற சொற்றொடர் அலுத்துப் போயிருக்கும். தோஹாவிலிருந்து வடக்கே சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில், கத்தாரின் கடலோரத்தில் இருக்கும் தொழில் நகரம் அது. 1971இல் கடலுக்கடியில் கண்டுபிடிக்கப்பட்ட வட வயலின் எரிவாயுவைக் கரைக்குக் கொண்டுவந்து, மைனஸ் 162 டிகிரி வரை குளிர்வித்துத் திரவமாக்கி, கப்பலேற்றி அனுப்புவதற்காக எழுந்த ஊர். 2010 டிசம்பரில் ஆண்டுக்கு 77 மில்லியன் டன் என்ற உற்பத்தித் திறனை எட்டியதைப் பெரிய விழாவாகவே கொண்டாடினார்கள். நான் 2019இல் அங்கே போய்ச் சேர்ந்த முதல் நாள், புது ஆட்களுக்குப் போட்டுக் காட்டிய ஸ்லைடுகளில் ஒவ்வொன்றிலும் ஒரு 'லார்ஜெஸ்ட்' இருந்தது.

என் வேலை மென்பொருள். ஆலையின் கருவிகளிலிருந்து வரும் அளவீடுகளைச் சேமிப்பது, ஓர் அளவு அதற்குரிய எல்லையைவிடக் கூடினாலோ குறைந்தாலோ எச்சரிப்பது, மாதக் கடைசியில் அறிக்கை தயாரிப்பது. யோசித்துப் பார்த்தால் நாள் முழுக்க ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிற வேலைதான். ஆனால் ஒப்பீடு என்பதைப் பற்றி நான் உருப்படியாக யோசித்தது அலுவலகத்தில் இல்லை. பக்கத்து ஊரான அல் கோரில், ஒரு தொழிலாளர் குடியிருப்பின் சாப்பாட்டுக் கூடத்தில்.

வெள்ளிக்கிழமை மாலைகளில் அங்கே ஐந்தாறு பேருக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்து வந்தேன். ஆசிரியர் என்று சொல்லிக்கொள்ளும் தகுதி எனக்கில்லை. பொறியியல் முதுகலை படித்தவனின் ஆங்கிலம் எவ்வளவு என்பது வாசகர்களுக்குத் தெரியும். இருந்தாலும் ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப் பூ. வந்தவர்களில் மூத்தவர் ராமநாதபுரம் பக்கத்துக்காரர், பைப் ஃபிட்டர், வயது நாற்பத்தெட்டு. எல்லோரும் ஃபிட்டர் அண்ணன் என்றே கூப்பிடுவார்கள். ஃபோர்மேன் பதவிக்கான நேர்முகத்தை ஆங்கிலத்தில் எதிர்கொள்ள வேண்டும் என்பதற்காகப் படிக்க வந்தவர்.

ஒரு வெள்ளிக்கிழமை 'குட், பெட்டர், பெஸ்ட்' என்று பலகையில் எழுதினேன். அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்:

"தம்பி, நல்லதுங்கிறதுக்கு எதுக்கு மூணு வார்த்தை? நம்ம ஊர்ல ஒண்ணுதானே? நல்ல மீன், அதைவிட நல்ல மீன், இருக்கிறதுலயே நல்ல மீன். மீனும் மாறல, நல்லதும் மாறல."

அவர் விளையாட்டாகச் சொன்னதில் இரண்டு மொழிகளின் இலக்கண வேறுபாடு முழுவதும் இருந்தது. அதைப் பிரித்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

ஆங்கிலத்தின் மூன்று படிகள்

பள்ளியில் 'டிகிரீஸ் ஆஃப் கம்பாரிசன்' என்று படித்ததை நினைவுபடுத்திக்கொள்வோம். ஆங்கிலத்தில் பெயரடைக்கு மூன்று படிகள். பாசிட்டிவ் என்பது இயல்பு நிலை: பிக். கம்பாரடிவ் என்பது ஒப்பு நிலை: பிக்கர். சூப்பர்லேடிவ் என்பது உச்ச நிலை: பிக்கெஸ்ட். சொல்லின் கடைசியில் 'அர்', 'எஸ்ட்' என்று விகுதி ஒட்டும்.

எல்லாச் சொல்லிலும் ஒட்டாது. ஓரசைச் சொற்களில் ஒட்டும்: டால், டாலர், டாலெஸ்ட். ஈரசையில் 'இ' ஓசையோடு முடிகிற ஹாப்பி, ஹெவி போன்றவற்றில் ஒட்டும். ஜென்டில், கிளெவர், நேரோ மாதிரியான சிலவும் ஏற்கும். மற்ற நீண்ட சொற்களெல்லாம் விகுதியைச் சுமக்க மறுத்து, முன்னால் ஓர் ஆளை வைத்துக்கொள்ளும்: மோர் டேஞ்சரஸ், மோஸ்ட் டேஞ்சரஸ். விகுதி பழைய ஜெர்மானிய வழக்கம். 'மோர்', 'மோஸ்ட்' முறை அதற்குப் பிறகு பரவியது. இரண்டும் இன்று ஒரே வீட்டில் குடியிருக்கின்றன.

விகுதி ஒட்டும்போது ஓர் எழுத்து விதி வரும். 'பிக்' என்பதில் கடைசி மெய் இரட்டித்து 'பிக்கர்' ஆகும். 'ஸ்வீட்' என்பதில் இரட்டிக்காது. ஏன் என்று அண்ணன் கேட்டபோது எனக்கே அப்போதுதான் உறைத்தது. தனிக் குறிலை அடுத்து நிற்கும் மெய், பின்னால் உயிர் வந்தால் இரட்டிக்கும் என்று நன்னூலில் படித்தோமே, அதே சங்கதிதான். கல்லும் எறிந்தானும் சேர்ந்தால் கல்லெறிந்தான். காலும் ஆட்டினானும் சேர்ந்தால் காலாட்டினான். 'பிக்' கல்லைப் போல, 'ஸ்வீட்' காலைப் போல. ஒரே வித்தியாசம், ஆங்கிலத்தில் எழுத்து மட்டும்தான் இரட்டிக்கிறது, உச்சரிப்பில் ஒற்றைதான். நம்மிடம் உச்சரிப்பும் இரட்டிக்கும்.

பிறகு அடங்காப் பிள்ளைகள். 'குட்' என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்திலேயே சொந்தமாக ஒப்பு நிலை கிடையாது. வேறொரு வேரிலிருந்து பிறந்த 'பெட்டர்', 'பெஸ்ட்' இரண்டும் அந்த இடத்தை நிரப்புகின்றன. 'பேட்' என்பதற்கு 'வர்ஸ்', 'வர்ஸ்ட்'. 'லிட்டில்' என்பதற்கு 'லெஸ்', 'லீஸ்ட்'. அதிகம் புழங்குகிற சொற்கள்தான் இப்படி விதிக்கு அடங்காமல் தப்பித்துக்கொள்கின்றன. தினமும் வாயில் வருவதால் அவற்றைத் திருத்த யாருக்கும் தோன்றுவதில்லை.

நம்மவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை 'மோர் பெட்டர்'. 'இன்னும் நல்லா' என்று மனதில் நினைத்து, 'இன்னும்' என்பதற்கு ஒரு சொல், 'நல்லா' என்பதற்கு ஒரு சொல் என்று போட்டுவிடுகிறோம். 'பெட்டர்' என்பதற்குள்ளேயே 'இன்னும்' இருக்கிறது என்பது நம் காதுக்குப் படுவதில்லை. இதை விளக்கியபோது அண்ணன், "மோர் ஊத்தினா எதுவும் பெட்டர்தான் தம்பி, இந்த வெயிலுக்கு" என்றார். கூடம் சிரித்தது. இந்த இரட்டிப்பு ஆங்கிலேயர்கள் அறியாததும் இல்லை. ஷேக்ஸ்பியர் நாடகங்களில் இரட்டை ஒப்பு நிலையும் இரட்டை உச்ச நிலையும் தாராளமாக வருகின்றன. பின்னால் வந்த இலக்கண ஆசிரியர்கள்தான் அதைக் குற்றமாக்கினார்கள். அப்படியும் 'லெஸ்ஸர்' என்ற சொல் தப்பிவிட்டது. ஏற்கெனவே ஒப்பு நிலையான 'லெஸ்' மீது இன்னொரு 'அர்' ஏறிய சொல் அது.

தமிழில் ஒப்பீடு எங்கே இருக்கிறது?

அண்ணன் சொன்னபடி தமிழில் 'நல்ல' மாறுவதில்லை. 'பெரிய' என்பதற்கும் படிகள் இல்லை. அப்படியானால் ஒப்பீட்டை எது சுமக்கிறது? ஒப்பிடப்படும் பொருளின் பெயர். 'ராமநாதபுரத்தைவிட மதுரை பெரிய ஊர்' என்பதில் மதுரையும் மாறவில்லை, பெரியதும் மாறவில்லை. மாறியது ராமநாதபுரம். அதுதான் உருபையும் 'விட'வையும் தாங்கி நிற்கிறது.

பழந்தமிழில் இந்த வேலையைச் செய்தது 'இன்' என்ற ஐந்தாம் வேற்றுமை. தொல்காப்பியர் ஐந்தாம் வேற்றுமைக்குச் சொல்லும் இலக்கணமே ஒப்பீடுதான்: இந்தப் பொருளைப் பார்க்க இது இப்படிப்பட்டது என்று சொல்வது. எவற்றையெல்லாம் ஒப்பிடலாம் என்று ஒரு பட்டியலும் தருகிறார். நிறம், வடிவம், அளவு, சுவை, குளிர்ச்சி, வெப்பம், முதுமை, இளமை என்று போகிற அந்தப் பட்டியலில் இன்மையும் உடைமையும்கூட உண்டு. வளைகுடாவுக்கு வந்த எவரும் அந்த இரண்டில் ஒன்றை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் விமானம் ஏறியிருப்பார்.

நன்னூலார் இதே வேற்றுமைக்கு நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என்று நான்கு பொருள் சொல்கிறார். நீங்குவதும் ஒப்பிடுவதும் ஒரே உருபில் இருப்பது தற்செயல் இல்லை என்று தோன்றுகிறது. 'விட' என்ற இன்றைய சொல்லைப் பாருங்கள். விடு என்ற வினையிலிருந்து வந்தது. 'அதைவிட' என்றால் அதை விட்டுவிட. ஒன்றை விட்டு விலகி எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதுதான் ஒப்பீடு. 'காட்டிலும்' என்பது காட்டு என்ற வினையிலிருந்து. 'அவனைப் பார்க்க இவன் தேவலை' என்று கிராமத்தில் சொல்வதில் பார் என்ற வினை. விடுவது, காட்டுவது, பார்ப்பது என்று எல்லாமே பக்கத்தில் இன்னொரு பொருள் இருந்தால்தான் நடக்கிற காரியங்கள்.

பழைய 'இன்' உருபில் ஒரு சிக்கலும் இருந்தது. காக்கையின் கரியது களாப்பழம் என்றால், காக்கையைப் போலக் கரியதா, காக்கையைவிடக் கரியதா? இரண்டுக்கும் இடம் உண்டு. உரையாசிரியர்கள் இதை உவமப் பொரு, உறழ் பொரு என்று பிரித்துக் காட்டினார்கள். 'இன்' கூட ஓர் 'உம்' சேர்த்துக் காக்கையினும் என்றால் ஐயம் நீங்கும். இன்றைய 'விட'வில் அந்தத் தொல்லையே கிடையாது.

1856இல் வெளியான தம் ஒப்பிலக்கண நூலில் கால்டுவெல்லும் இதைக் குறித்திருக்கிறார். இந்தோ ஐரோப்பிய மொழிகளைப் போலப் பெயரடையில் விகுதி சேர்த்து ஒப்பிடும் வழக்கம் திராவிட மொழிகளில் இல்லை என்றும், செமிட்டிக் மொழிகளின் முறை இதற்கு நெருக்கமானது என்றும் சொல்கிறார். செமிட்டிக் என்றால் எபிரேயம், அரபி. நான் இருந்ததோ அரபி பேசும் நாடு. சும்மா இருக்க முடியுமா?

அக்பர் ஓர் ஒப்பு நிலை

அரபியில் 'இதைவிட' என்று சொல்ல 'மின்' என்ற சொல் வரும். அதன் பொருள் 'இலிருந்து'. ஹிந்தி பேசும் சக தொழிலாளி 'இஸ் ஸே அச்சா' என்பார். அந்த 'ஸே' என்பதும் 'இலிருந்து' தான். நம் 'இன்' உருபின் நீங்கல் பொருளும் அதுதான். ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடும் மூன்று மொழிக்காரர்கள், ஒப்பிடும்போது ஒரே இடத்திலிருந்துதான் புறப்படுகிறார்கள்.

ஆனால் அரபி அத்தோடு நிற்காமல் பெயரடையையும் உருமாற்றுகிறது. ஒட்டுவது விகுதி இல்லை, சொல்லின் உள்ளிருக்கும் உயிரோசைகளே இடம் மாறுகின்றன. கபீர் என்றால் பெரிய. அக்பர் என்றால் அதைவிடப் பெரிய, அல்லது எல்லாவற்றிலும் பெரிய. ஜமீல் என்றால் அழகிய, அஜ்மல் என்றால் அதனினும் அழகிய. ஷரீஃப், அஷ்ரஃப் ஜோடியும் ஹசன், அஹ்சன் ஜோடியும் இப்படித்தான். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் காலம் காலமாக அழைத்துவரும் பெயர்கள். வகுப்பில் கபீர் என்று ஒருவரும் அக்பர் என்று ஒருவரும் இருந்திருந்தால் எனக்குப் பலகையே தேவைப்பட்டிருக்காது. அரபிக்கு ஒப்பு நிலைக்கும் உச்ச நிலைக்கும் வடிவம் ஒன்றுதான். 'மின்' தொடர்ந்தால் ஒப்பு. 'அல்' முன்னால் வந்தால் பெரும்பாலும் உச்சம்.

சமஸ்கிருதத்திலிருந்து நமக்கு வந்த சொற்களிலும் உறைந்துபோன உச்ச நிலைகள் உண்டு. சிரேஷ்ட, ஜேஷ்ட, கனிஷ்ட என்பவற்றின் கடைசியில் இருக்கும் 'இஷ்ட' என்ற ஓசையும் 'பிக்கெஸ்ட்' என்பதில் உள்ள 'எஸ்ட்' விகுதியும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை. இலங்கைத் தமிழர்கள் சிரேஷ்ட விரிவுரையாளர் என்று எழுதும்போது, ஆங்கில உச்ச நிலையின் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் தமிழ் எழுத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

இந்த இடத்தில் ஒரு நடைமுறைக் குறிப்பு. சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் எல்லாம் லத்தீனின் ஒப்பு நிலைகள். இவற்றோடு 'தேன்' வராது, 'டு' தான் வரும். 'சீனியர் தேன் மீ' என்பது தவறு, 'சீனியர் டு மீ' என்பதே சரி. இதை மட்டும் தமிழர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 'அவர் எனக்கு சீனியர்' என்று நான்காம் வேற்றுமையில்தான் நாமே சொல்கிறோம். 'எனக்கு மூத்தவர்', 'அதுக்கு இது மேல்' என்பதெல்லாம் அதே வழிதான்.

உலகிலேயே

இனி உச்ச நிலை. 'லார்ஜெஸ்ட்' என்பதைத் தமிழ்ச் செய்திகள் 'மிகப்பெரிய' என்று எழுதுகின்றன. ஆனால் 'மிக' என்பது மிகுதியைத்தான் காட்டும். மிகப்பெரிய ஆலை என்றால் 'வெரி லார்ஜ்' என்றும் ஆகலாம், 'லார்ஜெஸ்ட்' என்றும் ஆகலாம். ஓர் ஊரில் மிகப்பெரிய வீடுகள் பத்து இருக்கலாம். ஊரிலேயே பெரிய வீடு ஒன்றுதான் இருக்க முடியும். சிங்கப்பூர்த் தமிழ்ச் செய்திகளில் 'ஆகப் பெரிய' என்று எழுதுவார்கள். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு முதலில் விநோதமாகப் பட்டாலும் குழப்பம் இல்லாத பிரயோகம்.

பேச்சுத் தமிழ் இதற்கு ஓர் எழுத்தை வைத்திருக்கிறது: 'ஏ'. ஊரிலேயே, வகுப்பிலேயே, இருக்கிறதுலயே. தொல்காப்பியர் ஏகாரத்துக்குச் சொல்லும் பொருள்களில் ஒன்று பிரிநிலை, அதாவது கூட்டத்திலிருந்து ஒன்றைப் பிரித்துக் காட்டுவது. ஆங்கிலம் உச்சத்தைப் பெயரடையின் வாலில் வைக்கிறது. தமிழ், கூட்டத்தின் பெயரில் வைக்கிறது. அதனால் தமிழில் உச்சம் சொல்ல வேண்டுமானால் எந்தக் கூட்டம் என்று சொல்லியே ஆக வேண்டும்.

மென்பொருள்காரனுக்கு இது பழகிய விஷயம். ஒரு பட்டியலை வரிசைப்படுத்த நாம் எழுதும் ஒப்பீட்டுச் செயல்பாடு எப்போதும் இரண்டு உள்ளீடுகளைக் கேட்கும். ஒன்றை மட்டும் கொடுத்தால் ஓடாது. மிகக் கூடுதலானதைக் கண்டுபிடிக்கும் செயல்பாடு ஒரு தொகுதியைக் கேட்கும். காலித் தொகுதியைக் கொடுத்தால் பிழை காட்டும். 'எதைவிட?', 'எதிலே?' என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் இல்லாமல் கணினியே ஒப்பிடாது.

ராஸ் லஃபானின் ஸ்லைடுகளையே இந்தக் கண்ணோடு பார்க்கலாம். அங்கிருக்கும் பேர்ல் என்ற ஆலை 2011இல் முதல் சரக்கை அனுப்பியபோது, எரிவாயுவைத் திரவ எரிபொருளாக மாற்றும் ஆலைகளிலேயே பெரியது. எந்தக் கூட்டம் என்பது தெளிவு, கூற்றும் சரி. 'உலகிலேயே பெரிய எரிவாயு வயல்' என்பதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். வட வயலும் ஈரானின் தெற்கு பார்ஸும் கடலுக்கடியில் ஒரே வயல். கடல் எல்லைக் கோடு அதை இரண்டாகப் பிரித்திருக்கிறது. அந்த விருது இரண்டும் சேர்ந்த முழு வயலுக்கு உரியது.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 'சேஞ்ச் தி டிகிரி' என்று ஒரு கேள்வி வருமே, அது வெறும் மனப்பாட வித்தை என்று நினைத்திருந்தேன். உண்மையில் நல்ல தர்க்கப் பயிற்சி. 'சென்னை இஸ் தி பிக்கெஸ்ட் சிட்டி இன் தமிழ்நாடு.' இதைக் கம்பாரடிவ் ஆக்கினால் 'சென்னை இஸ் பிக்கர் தேன் எனி அதர் சிட்டி இன் தமிழ்நாடு.' பாசிட்டிவ் ஆக்கினால் 'நோ அதர் சிட்டி இன் தமிழ்நாடு இஸ் ஆஸ் பிக் ஆஸ் சென்னை.' இதில் 'அதர்' என்பதை விட்டுவிட்டால் மதிப்பெண் போய்விடும். போகத்தான் வேண்டும். சென்னையும் தமிழ்நாட்டு நகரம்தானே? 'அதர்' இல்லாவிட்டால் சென்னை சென்னையைவிடப் பெரியது என்றாகிவிடும். 'ஒன் ஆஃப் தி பிக்கெஸ்ட்' என்றால் உச்சியில் கூட்டாளிகள் உண்டு என்று பொருள், ஆகவே பின்னால் 'சிட்டீஸ்' என்று பன்மை வர வேண்டும். 'ஒன் ஆஃப் தி பிக்கெஸ்ட் சிட்டி' என்பது நம் மேடைகளில் தினமும் கேட்கிற பிழை.

கூட்டத்தின் அளவும் முக்கியம். இருவரில் ஒருவர் என்றால் ஆங்கிலம் ஒப்பு நிலையையே விரும்பும். அண்ணனுக்கு இரண்டு பெண்கள். ஒரு படிவத்தில் மூத்தவளை 'எல்டெஸ்ட் டாட்டர்' என்று எழுதிவிட்டார். மூன்றாவது குழந்தையின் பெயர் எங்கே என்று அலுவலகத்தில் கேட்டார்களாம். இரண்டே பேர் என்றால் 'எல்டர் டாட்டர்' என்று எழுதியிருக்க வேண்டும். தமிழில் இரண்டானாலும் ஐந்தானாலும் மூத்தவள் மூத்தவள்தான்.

மோரும் தேனும்

இதெல்லாம் வெறும் இலக்கண ருசி என்று நினைக்கலாம். நானும் 2021 கோடை வரை அப்படித்தான் நினைத்தேன்.

அண்ணன் இந்த ஊருக்கு வந்ததே ஒரு ஒப்பு நிலையை நம்பித்தான். ஊரில் ஓர் ஏஜென்ட் காட்டிய துண்டுத்தாளில் 'பெட்டர் சாலரி, பெஸ்ட் அக்காமடேஷன்' என்று இருந்ததாம். எதைவிட பெட்டர் என்று தாளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஆங்கிலத்தில் 'பெட்டர்' தனியாக நிற்க முடியும். எதைவிட என்பதைச் சொல்லாமலே, சொன்ன மாதிரி ஒரு நிறைவைத் தந்துவிடும். விளம்பரக்காரர்களுக்கு இது பெரிய வசதி. தமிழிலும் 'கூடுதல் சம்பளம்' என்று மறைக்கலாம்தான். ஆனால் 'விட' என்று வாயைத் திறந்துவிட்டால் எதை என்று சொல்லாமல் தப்ப முடியாது. வந்து சேர்ந்த பிறகு தெரிந்தது, ஏஜென்டுக்குக் கட்டிய கடனின் வட்டியைக் கழித்தால் முதல் வருடம் மிஞ்சியது ஊரில் வாங்கியதைவிடக் குறைவு.

2021 கோடையில் அவருக்குப் புதிய ஒப்பந்தக் கடிதம் வந்தது. அவருடைய நிறுவனம் சாப்பாட்டுக் கூடத்தை மூடிவிட்டு, உணவுக்குப் பணமாகத் தருவதென்று முடிவு செய்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளிக்கிழமை வகுப்புக்குக் கடிதத்தைக் கொண்டு வந்தார்.

"படிச்சுட்டேன் தம்பி. சாப்பாட்டுக்கு முந்நூறு ரியால் போட்டிருக்கான். சரியான்னு ஒரு பார்வை பாருங்க."

அந்த வரியில் 'நாட் மோர் தேன்' முந்நூறு ரியால் என்று இருந்தது.

கத்தாரில் 2020ஆம் ஆண்டின் 17ஆம் எண் சட்டம் 2021 மார்ச் 20 முதல் நடைமுறைக்கு வந்திருந்தது. அடிப்படைச் சம்பளம் குறைந்தபட்சம் மாதம் 1000 ரியால். நிறுவனம் உணவு தராவிட்டால் அதற்குக் குறைந்தபட்சம் 300, இருப்பிடம் தராவிட்டால் குறைந்தபட்சம் 500. 'மினிமம்' என்பதே லத்தீனில் ஓர் உச்ச நிலைதான், 'மிகச் சிறிய' என்று பொருள். அதற்குக் கீழே இன்னொன்று இருக்க முடியாது என்பதால்தான் சட்டம் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்கிறது. 2004ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தில் மிகைநேர வேலைக்கு 25 சதவீதத்துக்குக் குறையாமல் கூடுதல் ஊதியம் என்று இருப்பதும் இதே வகை.

சட்டம் சொன்னது 'நாட் லெஸ் தேன்'. கடிதம் சொன்னது 'நாட் மோர் தேன்'. ஒரு சொல் மாறியதில் தரை கூரையாகிவிட்டது. முந்நூறுக்குக் குறையக் கூடாது என்பது முந்நூறைத் தாண்டக் கூடாது என்றாகிவிட்டது. நூறு ரியால் கொடுத்தாலும் கடிதப்படி சரி.

அண்ணனுக்கு இதைப் புரியவைக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஆங்கிலத்தில் இரண்டு தொடர்களும் அச்சு அசலாக ஒரே உருவம். முன்னால் ஒரு 'நாட்', பின்னால் ஒரு 'தேன்', நடுவில் ஒரு சின்னச் சொல். அவசரத்தில் கண்ணுக்குப் பட்டது 300 என்ற எண் மட்டும். தமிழில் சொல்லிப் பார்த்தேன்: ஒன்று 'குறையாமல்', மற்றது 'மிகாமல்'. நம் ஊர் அரசாணைகளில் நெடுங்காலமாகப் புழங்கும் இரண்டு வினைகள். ஒன்றை மற்றொன்றாக மயங்க வழியே இல்லை.

"குறையாமன்னு இருக்க வேண்டியது மிகாமன்னு இருக்கு, அதானே?" என்றார் அண்ணன். கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "மோருக்கும் தேனுக்கும் நடுவுல நம்மளைக் கவுத்துட்டானே."

ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்தில் போய்க் கேட்டிருக்கிறார். நான் எழுதிக் கொடுத்த ஒரே ஒரு ஆங்கில வாக்கியம், கூடவே சட்டத்தின் எண். தட்டச்சுப் பிழை என்றார்களாம். பிழையாகவே இருக்கலாம், எனக்குத் தெரிந்து சொல்ல ஒன்றுமில்லை. அன்றே திருத்தித் தந்துவிட்டார்கள். அவரோடு அதே கடிதம் வாங்கிய பதினொரு பேருக்கும் திருத்தம் வந்தது. அவர்களில் நான்கு பேர் முதல் கடிதத்தில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை வகுப்புக்குப் புதிதாக ஏழு பேர் வந்தார்கள். 'குட், பெட்டர், பெஸ்ட்' என்று ஆரம்பிக்காமல் 'நாட் லெஸ் தேன்', 'நாட் மோர் தேன்', 'அட் லீஸ்ட்', 'அட் மோஸ்ட்', 'அப் டு' என்று பலகையில் எழுதி, எதிரே தமிழில் குறையாமல், மிகாமல், குறைந்தபட்சம், அதிகபட்சம், வரை என்று எழுதினேன். விகுதி, அசை எல்லாம் அதற்கு அடுத்த வாரம்தான். அந்த வரிசையில்தான் முதலிலேயே நடத்தியிருக்க வேண்டும்.

நான் ராஸ் லஃபானை விட்டு வந்து சில வருடங்கள் ஆகின்றன. அண்ணன் ஃபோர்மேன் ஆகி, இரண்டு வருடம் அந்தச் சம்பளமும் வாங்கி, ஊர் திரும்பிவிட்டார். சென்ற ஜூனில் ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தார். சின்னவளைக் கல்லூரியில் சேர்க்க அலைகிறாராம்.

"ஒரு காலேஜ் வாசல்ல தி பெஸ்ட் காலேஜ்னு போர்டு வச்சிருக்கான் தம்பி. உள்ள போய் ஆபீஸ்ல கேட்டேன், எதுலயே பெஸ்ட்டுன்னு. அந்தம்மா பதில் சொல்லல, அட்மிஷன் ஃபாரத்தை நீட்டுது. வாங்காம வந்துட்டேன்."